ஈரச் சாக்கும் மூன்றாவது தள்ளும்

ஏரிக்கரை ஸ்டாண்டில் என் காரை இரண்டாவது தடவை தள்ளியபோது, உள்ளே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கணவன், மனைவி, மாமியார், நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி ஏறியவர்கள். நான் பெரிய டிரைவர் தோரணையில் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சாவியைத் திருகினேன்.

"டிக்."

அவ்வளவுதான் சத்தம். மறுபடி திருகினேன். மறுபடியும் "டிக்." மூன்றாவது தடவை நான் சாவியைத் தொட்டதும் பின் சீட்டிலிருந்து அந்தக் குழந்தை எனக்கு முன்பே "டிக்" என்று சொல்லிவிட்டது.

செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் என்று எங்கள் பக்கம் யாரும் நீட்டி முழக்குவதில்லை. செல்ஃப் என்றால் செல்ஃப்தான். அது சுற்றினால் எஞ்சின் எழுந்திருக்கும். சுற்றாவிட்டால் நாலு பேர் எழுந்திருக்க வேண்டும்.

ஸ்டாண்டு டிரைவர்கள் நாலு பேர் வந்து பின்னால் கை கொடுத்தார்கள். தள்ளிய வேகத்தில் எஞ்சின் எடுத்துக்கொண்டது. ஆனால் கணவர் இறங்கி நின்று அதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மாமியாரும் இறங்கிவிட்டார். "தள்ளுற வண்டியில நான் வரல" என்று ஒரே பேச்சு. அடுத்த காரில் ஏறிப் போய்விட்டார்கள். குழந்தை மட்டும் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனது.

பெரியதம்பி அண்ணன் என் ஜன்னல் பக்கம் வந்து இரண்டு விரலைக் காட்டினார்.

"அம்மிணி, இது ரெண்டு."

மூன்று தள்ளு

பெரியதம்பி அண்ணன்தான் எங்கள் ஸ்டாண்டுக்குப் பெரியவர். மாரமங்கலத்துக்காரர். நான் வண்டி ஓட்ட வருவதற்கு முன்பே அங்கே நின்றவர். அவர் சொன்னால் எட்டு காரும் நகரும், எட்டு காரும் நிற்கும்.

எங்களிடம் எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்கு முதல் சவாரி, அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சலுகை இல்லை. ஸ்டாண்டுக்குள் ஒரு வண்டியைத் தள்ளி எடுத்தால் அது ஒரு தள்ளு. மூன்று தள்ளு ஆகிவிட்டால் அந்த வண்டிக்கு அந்த சீசன் முழுக்க வரிசையில் இடம் இல்லை.

செல்ஃபுக்கும் வண்டி ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லைதான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்து இறங்கும் ஆளிடம் அதை விளக்க முடியாது. தள்ளுகிற வண்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிரேக் ஞாபகம்தான் வரும். ஒரு வண்டியைத் தள்ளினால் எட்டு வண்டிக்கும் கெட்ட பெயர். அதனால் அந்தச் சட்டம் நியாயம்தான். மற்றவர்கள் தள்ளு வாங்கியபோதெல்லாம் நியாயம் என்று நானே தலையாட்டியிருக்கிறேன்.

இப்போது என் தலையில் விழுந்தது. சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. எங்களுக்குச் சித்திரை, வைகாசியில் ஓடினால்தான் வருஷம் ஓடும். அந்த இரண்டு மாதமும் வரிசைக்கு வெளியே நிற்பது என்றால், கார் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்வேன். ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். அந்த இடத்தை நான் சும்மா வாங்கவில்லை, அந்தக் கதையை முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு "டிக்" சத்தத்துக்கு அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

சாய்ந்த ஊர்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், மலையில் வண்டி ஓட்டுவது அவ்வளவு பெரிய வித்தையா என்று கேட்டிருந்தார். ஐயா, ஓட்டுவது வித்தை இல்லை. நிறுத்துவதுதான் வித்தை.

எங்கள் மலையில் சமமான இடம் எது என்று யாராவது கேட்டால் ஏரியைத்தான் கைகாட்ட வேண்டும். அதன் கரையில் இருப்பதால் எங்கள் ஸ்டாண்டும் சமம். மற்றபடி எல்லாமே ஏற்றம், அல்லது இறக்கம். வாழவந்தியில் என் வீட்டு வாசல் நல்ல இறக்கம். வண்டியை மூக்கு கீழே பார்த்தபடி நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு சொந்தக் கல் உண்டு. என் கல் மழுங்கிப்போய் பன் ரொட்டி மாதிரி இருக்கும். அதை யாராவது நகர்த்தினால் எனக்குக் கோபம் வரும்.

காலையில் கல்லை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். நாலு வீடு தாண்டியதும் கிளச்சை விட்டால் ஒரு குலுக்கு. எஞ்சின் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்குச் செலவில்லை, செல்ஃபுக்கு வேலையில்லை. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான். குளிரில் செல்ஃப் போட்டுப் பேட்டரியை வதைப்பவனைப் பார்த்தால், கீழே இருந்து வந்தவன் என்று சிரிப்போம்.

இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியதம்பி அண்ணனின் வைத்தியம்

என் செல்ஃப் மக்கர் செய்ய ஆரம்பித்து அப்போது நாலு மாதம் இருக்கும். முதலில் பேட்டரி என்றார்கள். புதுப் பேட்டரி போட்டேன். ஒயர் முனையில் பச்சை பூத்திருக்கிறது என்றார்கள். சுரண்டிச் சுத்தம் செய்தேன். அதற்குப் பிறகும் "டிக்."

பெரியதம்பி அண்ணன் ஆரம்பத்திலிருந்து ஒரே முடிவாகச் சொன்னார். "சூடுதான் அம்மிணி. ஓடி வந்து நிக்கிற வண்டியில செல்ஃப் சூட்டுல மடிஞ்சிரும். குளுர வெச்சா எந்திரிச்சுக்கும்."

குளிர வைப்பதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஸ்டாண்டுக் குழாயடியில் பழைய காப்பிச் சாக்குத் துண்டுகள் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து, ஒரு ஈரச் சாக்கை எடுத்து செல்ஃப் மோட்டாரின் மேல் போடுவார். என் வண்டியில் அது எஞ்சினின் பக்கவாட்டில் கை விட்டால் தொடுகிற இடத்தில் இருக்கும். சாக்கு நன்றாக ஒட்ட வேண்டும் என்று ஸ்பேனரின் அடிப்பக்கத்தால் மேலே நாலு தட்டுத் தட்டுவார். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால், பெரும்பாலும் எடுத்துவிடும். எடுத்ததும் அவர் கையைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துடைப்பில் ஒரு டாக்டர் தெரிவார்.

எட்டு கார்க்காரர்களும் அந்தச் சாக்கை நம்பினோம். அவர் வண்டியிலேயே மூன்று வருஷமாக ஒரு சாக்கு நிரந்தரமாகக் குடியிருந்தது. என் வண்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை என்று வைத்தியம் நடந்தது. ஆனால் நோய் மட்டும் வாரா வாரம் கூடிக்கொண்டே வந்தது. அது ஏன் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயர் கூப்பிடாத ஆள்

கார் வாங்குவதற்கு முன்னால் நான் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். காலையில் வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பெயர் கூப்பிட்டு ஆஜர் எழுதுகிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் நல்ல பனி. எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. வழியில் ஆட்கள் கும்பலாக வருவதைப் பார்த்திருந்ததால், பெயர் கூப்பிடாமலேயே ஒரு வரிசை முழுவதற்கும் ஆஜர் போட்டுவிட்டேன். அதில் ஓர் அம்மாள் வரவே இல்லை. காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். அவரைக் காட்டில் தேடி ஆள் அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பேரைக் கூப்பிட்டயா? பதில் வந்துச்சா? அப்புறம் எப்பிடி எழுதுன?"

அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு அந்தத் தப்பை என் வாழ்நாளில் செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரைட்டர் வேலையை விட்டாலும் எழுதுகிற பழக்கம் போகவில்லை. செல்ஃப் மடிகிற ஒவ்வொரு தடவையும் எந்த இடம், எந்த நேரம், எஞ்சின் சூடா குளிரா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இரண்டாவது தள்ளு வாங்கிய அன்று மத்தியானம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் பக்கத்தில் இருக்கும் கோபியின் ஷெட்டுக்குப் போனேன். கோபி சேலத்துக்காரர். முப்பது வயது இருக்கும். மலைக்கு வந்து ஷெட் போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கீழே இருந்து வந்தவர் என்பதால் எங்கள் ஸ்டாண்டுக்காரர்கள் அவரை அவ்வளவாக நம்புவதில்லை. வேறு வழியில்லாமல்தான் நானும் போனேன்.

நோட்டை அவர் முன்னால் விரித்துப் போட்டேன். "பாருங்க கோபி, நாலு மாசமா எழுதி வெச்சிருக்கேன். எல்லாமே ஸ்டாண்டுல, எல்லாமே ஓடி வந்த சூட்டுல. காலைல குளுருல ஒருக்காகூட மடியல. சூடுதான், சந்தேகமே வேண்டாம்."

கோபி பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"காலைல எத்தனை தடவைங்க்கா செல்ஃப் போட்டா எடுக்கும்?"

"காலைல யாருங்க செல்ஃப் போடறா? உருட்டித்தான எடுப்போம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் காது சுட்டது. கோபி நோட்டை என் பக்கமே திருப்பி வைத்தார். நோட்டில் காலை என்ற இடம் நாலு மாதமும் வெறுமையாக இருந்தது. அதை நான் "நன்றாக இருக்கிறது" என்று படித்துக்கொண்டிருந்தேன். பெயரே கூப்பிடாத ஆளுக்கு மறுபடியும் ஆஜர் போட்டிருந்தேன்.

நான் மட்டுமா? மலையில் செல்ஃப் சூட்டில்தான் மடியும் என்று எட்டு பேரும் சத்தியம் செய்வோம். ஏனென்றால் நாங்கள் எட்டு பேரும் குளிரில் அதைத் தொட்டதே இல்லை.

சுவரில் விழுந்த வெளிச்சம்

மறுநாள் காலையில் கல்லை எடுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். லைட்டைப் போட்டேன். எதிரே ரோட்டோரத்தில் இருந்த எங்கள் காப்பிக் குடோன் சுவரில் வெளிச்சம் பனியோடு சேர்ந்து விழுந்தது. கோபி சொல்லி அனுப்பியிருந்தார்: சாவியைத் திருகும்போது சுவரைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் கரன்ட் மோட்டாருக்குள் போகிறது, அது சுற்ற முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். மங்காமல் அப்படியே இருந்தால் கரன்ட் உள்ளே இறங்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். மிளகுக் கொடிக்குப் போகக் கிளம்பியவர். "ஏம்புள்ள, உருட்டாம என்ன உக்காந்திருக்க? கல்லு சிக்கிக்கிச்சா?"

"செத்த சும்மா இருங்க."

திருகினேன். "டிக்." சுவரில் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட மங்கவில்லை.

மறுபடி திருகினேன். "டிக்." வெளிச்சம் அப்படியே நின்றது.

"எடுக்குல, எடுக்குல!" என்று நான் கத்தியதைக் கேட்டு அவர் பயந்துபோய் ஓடி வந்தார். செல்ஃப் எடுக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவர் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரவெல்லாம் பனியில் நின்று சில்லென்று இருக்கும் வண்டி அது. அதில் எங்கே இருந்து வந்தது சூடு?

கோபிக்கு போன் போட்டேன். உருட்டி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாங்க்கா, அப்பிடியே நிக்கட்டும், நான் வர்றேன்" என்றார். அரை மணி நேரத்தில் டூவீலரில் வந்துவிட்டார்.

ஒரு தடித்த ஒயரை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்பில் பிடித்தார். திருகச் சொன்னார். "டிக்." அப்படியானால் எர்த் ஒயரில் குற்றம் இல்லை. அடுத்து மோட்டாரின் பின்பக்கத்தில் ஸ்பேனர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே, "இப்பத் திருகுங்க்கா" என்றார்.

கிர்ரென்று சுற்றி எஞ்சின் எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்தத் தட்டு எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. சாக்கு ஒட்டுவதற்காகப் பெரியதம்பி அண்ணன் தட்டுகிற அதே தட்டு. இத்தனை நாளும் வண்டியை எடுக்க வைத்தது ஈரம் இல்லை, தட்டு.

சாக்கு நூல்

பேட்டரி ஒயரை முதலில் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கோபி கழற்றினார். வெளியே எடுத்து எங்கள் களத்தில் ஒரு கோணியை விரித்து வைத்தார். ஒயர் உள்ளே போகும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் எப்போதோ விழுந்து, அங்கே ஓட்டை மட்டும் இருந்தது. மோட்டாரைச் சாய்த்ததும் அந்த ஓட்டை வழியாகக் காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது.

"ஏனுங்க்கா, வண்டியை ஏரிக்குள்ள உட்டீங்களா?"

"மழையா இருக்கும்" என்றேன். நாலு மாதமாக மழையே இல்லை.

பின் மூடியைத் திறந்தார். உள்ளே சுழலுகிற செம்பு உருளையின் மேல் நாலு கார்பன் கட்டிகள் ஸ்பிரிங்கால் அழுந்திக்கொண்டு நிற்க வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது செம்பைத் தொட்டால்தான் கரன்ட் உள்ளே போகும். இரண்டு கட்டிகள் துருச் சேற்றில் அவற்றின் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தன. செம்பைத் தொடவே இல்லை. தட்டினால் கொஞ்சம் கீழே இறங்கும், ஒரு தடவை சுற்றும், மறுபடி சிக்கிக்கொள்ளும்.

கோபி மெல்லிய ஸ்குரூ டிரைவரால் ஒரு கூட்டைக் கிளறினார். கறுப்புச் சேற்றோடு நீளமாக ஏதோ ஒன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னங்க்கா? நூலாட்டம் இருக்குது."

சணல் நூல். காப்பிச் சாக்கு நூல்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று ஈரச் சாக்கு வைத்தியத்தை முழுவதுமாகச் சொன்னேன். கோபி சிரிக்காமல் கேட்டார். பாதிக்கு மேல் சிரிப்பை அடக்க முடியாமல் களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நோவே அந்த மருந்துதானுங்க்கா!" என்றார்.

மோட்டாரை ஷெட்டுக்கு எடுத்துப் போனார். புதுக் கார்பன் செட்டும் முனையில் போடும் புஷ்ஷும் சேலத்திலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, மறுநாள் காலையில் பஸ் வந்ததும் நானே போய் வாங்கிக்கொடுத்தேன். செம்பு உருளையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். கறுப்பு போய்ப் புதுக் குடம் மாதிரி நிறம் வந்தது. கூடுகளைத் துடைத்து, கார்பனைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் விரலால் மேலும் கீழும் தள்ளிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஓட்டைக்கும் ஒரு ரப்பர் போட்டார். கடைசியில் மோட்டாரைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு பேட்டரி ஒயரை அதில் தொட வைத்தார். அது துள்ளிய துள்ளலில் அவர் செருப்பு கழன்று ஓடியது.

அன்றைக்குச் சாயந்திரம் என் வண்டி எங்கே நிறுத்தினாலும் எடுத்தது. ஏற்றம், இறக்கம், சூடு, குளிர் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. அந்தச் சணல் நூலைக் கழுவி, காயவைத்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வாயைக் கொடுத்தது

மறுநாள் ஸ்டாண்டில் பெரியதம்பி அண்ணனிடம் நூலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் குறைவு.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சேலத்துல இருந்து வந்தவன் சொன்னா செரியாப் போயிருமா? இந்த மலையில முப்பது வருசமா வண்டி ஓட்டறனுங்க அம்மிணி. செல்ஃப் சூட்டுலதான் மடியும். உன்ற வண்டிக்கு ரெண்டு தள்ளு இருக்குது, ஞாபகம் இருக்கட்டும். சீசன்ல மடிஞ்சா எங்கிட்ட வந்து சாக்குக் கேக்கக் கூடாது."

மற்ற டிரைவர்கள் அவர் பக்கம்தான் நின்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணா, நாளைக்குக் காலைல உங்க ஊட்டு முன்னால வண்டியை மேட்டைப் பாத்து நிறுத்தியிருங்க. குளுருலயே செல்ஃப் போட்டு எடுத்துட்டு வாங்க. எடுத்துருச்சுன்னா நான் இந்த வருசம் வரிசையில நிக்கல. எடுக்கலைன்னா என்ற ரெண்டு தள்ளையும் அழிச்சிரோணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆகட்டும்" என்றார்.

கோபியிடம் சொன்னபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னுங்க்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? அவுரு வண்டியை நான் தொட்டுக்கூடப் பாத்ததில்லையே. கார்பன் சிக்காம இருந்தா எடுத்துரும்ல?"

"எடுக்காது. மூணு வருசச் சாக்கு."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வண்டியை நான் சரி செய்துவிட்டேன், பிறகு அடுத்தவர் வண்டியின் மேல் என் இடத்தை வைத்துவிட்டு வந்தேன். இதற்குப் பெயர் தைரியமா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

பஸ் வந்தது

மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கத்தைவிட முன்னாலேயே ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். கோபியும் ஷெட்டைத் திறக்காமல் வந்து என் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். மாரமங்கலம் பக்கமிருந்து வரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியதம்பி அண்ணன் காரின் ஹாரன் எனக்கு நன்றாகத் தெரியும். வளைவுக்கு வளைவு அடிப்பார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஹாரன் கேட்கவில்லை. அவர் எப்போதும் வரும் நேரம் தாண்டியது. ஒருவர் "வராம இருக்க மாட்டாரே" என்றார்.

அப்போது மாரமங்கலம் பஸ் வந்து நின்றது. காப்பி வேலைக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். கடைசியாக வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பெரியதம்பி அண்ணன் இறங்கினார்.

முப்பது வருஷத்தில் அவர் பஸ்ஸில் வந்து இறங்கி யாரும் பார்த்ததில்லை. நேராக என் முன்னால் வந்தார்.

"டிக்குங்குது அம்மிணி. பதினஞ்சு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. ஒரு விஷயம்தான் மனதில் பட்டது. அவர் நினைத்திருந்தால் ரிவர்ஸ் கியரில் உருட்டி எடுத்துக்கொண்டு ஹாரன் அடித்தபடியே வந்திருக்கலாம். செல்ஃபில்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை. என் இடமும் போயிருக்கும், அவர் பெயரும் நின்றிருக்கும். அந்த மனுஷன் டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் வந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

எல்லோருக்கும் கேட்கும்படி என் பெயரைச் சொல்லி, "சாரதாவோட ரெண்டு தள்ளும் அழிஞ்சுது" என்றார். பிறகு குழாயடிக்குப் போய் ஊறிக்கொண்டிருந்த சாக்குகளைப் பிழிந்து, ஒன்று விடாமல் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை அதில் டாக்டர் தெரியவில்லை.

"தம்பி, என்ற ஊடு வரைக்கும் வர முடியுமா?" என்று கோபியைக் கேட்டார்.

"வாங்கண்ணா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

கோபி தன் பையோடு பின்னால் ஏறினார். பெரியதம்பி அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி ஸ்டாண்டின் சமதரையில் நின்றது. நான் சாவியில் கை வைத்ததும் பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு காலை வெளியே தரையில் ஊன்றி, தோளைக் கதவுச் சட்டத்துக்குக் கொடுத்து, தள்ளுவதற்குத் தயாராகிவிட்டிருந்தார்.

"அண்ணா, காலை உள்ள வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திருகினேன்.

அவர் காலை எடுப்பதற்குள் எஞ்சின் எடுத்துவிட்டது.